பாறையின் திசை அறிந்த பிளாக்கெட் பெருமகனார்

நமது சங்கத்தின் ஆண்டு மலரில் புலவர்கள், தேசத் தலைவர்கள், இசைவாணர்கள் ஆகியோரின் வரலாறுகள் பல வெளிவந்துள்ளன. விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையை, அதுவும் அயல்நாட்டார் ஒருவரின் வாழ்க்கையை, இம்மலரில் எழுதுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து நாம் குடியேறியிருக்கும் இத்தக்காணப் பகுதியின் கருங்கல் பூமி, ஒரு காலத்தில் தானும் வேற்றிடத்திலிருந்து பல்லாயிரம் மைல் பெயர்ந்து வந்து சேர்ந்ததே என்னும் உண்மையை உலகம் ஏற்றுக்கொள்ளச் செய்தவர்களுள் அவர் ஒருவர். அவர் பெயர் பேட்ரிக் மேனார்டு ஸ்டூவர்ட் பிளாக்கெட்.

பிளாக்கெட் 1897ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பங்குத் தரகு நடத்தியவர். இளமையிலேயே கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆஸ்பர்ன், டார்ட்மத் ஆகிய இரு கடற்படைக் கல்லூரிகளில் பயின்றுகொண்டிருந்தபோது முதலாம் உலக யுத்தம் மூண்டது. பிள்ளைப் பருவம் நீங்காத மாணவர்களை அப்படியே கப்பலில் ஏற்றிப் போர்க்களத்திற்கு அனுப்பிவிட்டனர். 1914 டிசம்பரில் ஃபாக்லாந்து தீவுகளின் அருகே நிகழ்ந்த கடற்போரில் அவர் கலந்துகொண்டபோது வயது பதினேழு. 1916 மே மாத இறுதியில், உலகின் மாபெரும் கடற்போர்களுள் ஒன்றாகிய ஜட்லாந்துப் போரில், பார்ஹாம் என்னும் கப்பலில் இருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் படிக்கும் வயதில் அவர் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே நின்றார் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

யுத்தம் முடிந்தபின், படிப்பு இடையில் நின்றுபோன இளம் அதிகாரிகளைச் சிறிது காலம் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் படிக்கும்படி கடற்படையார் அனுப்பினர். 1919ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிளாக்கெட் அங்குச் சென்றார். அங்கிருந்த காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்த்ததே அவருடைய வாழ்க்கையை மாற்றிவிட்டது. நிலையான உத்தியோகம், சீருடை, மதிப்பு, முடிவில் ஓய்வூதியம் இத்தனையும் இருந்த கடற்படைப் பதவியை அவ்வாண்டிலேயே துறந்து மாணவராக அமர்ந்தார். சர்க்கார் உத்தியோகத்தின் அருமை அறிந்த நம் போன்றோருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

அக்காலத்தில் காவெண்டிஷ் கூடத்தின் தலைவராக விளங்கியவர் ரூதர்போர்டு. அணுவின் உட்கருவைத் தாக்கினால் ஒரு தனிமம் மற்றொரு தனிமமாக மாறும் என்று அவர் கண்டறிந்திருந்தார்; ஆனால் அதனை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. மேகக்கூடு என்னும் கருவியில் அணுத்துகள்கள் செல்லும் பாதை நீராவித் தடமாகத் தெரியும். ஷிமிஸு என்ற ஜப்பானியர் தொடங்கிவிட்டுத் தாய்நாடு திரும்பிய வேலையைப் பிளாக்கெட் ஏற்றுக்கொண்டார். ஏறத்தாழ 23,000 புகைப்படங்கள் எடுத்தார். அவற்றில் பதிவாகியிருந்த தடங்கள் நான்கு லட்சத்துக்கும் அதிகம். ஒவ்வொன்றையும் பார்த்துக் கழித்ததில், நைட்ரஜன் அணு மாறுதலடைந்து ஆக்ஸிஜன் ஆனதைக் காட்டுபவை எட்டே எட்டுத்தான் தேறின. நான்கு லட்சம் பதிவுகளில் எட்டு! பேரேடுகளைப் புரட்டி ஒரு தொகை வித்தியாசத்தைத் தேடி இராப்பகலாக உட்கார்ந்தவர்களுக்கே இந்தப் பொறுமையின் அளவு தெரியும். 1925இல் அம்முடிவு வெளியாயிற்று.

அதன்பின் இத்தாலிய இளைஞராகிய ஒக்கியாலினியுடன் சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் கதிர் தானே தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி மேகக்கூட்டினை அமைத்தார். பாஸிட்ரான் என்னும் நேர்மின் எலெக்ட்ரானை அமெரிக்கராகிய ஆண்டர்சன் 1932இல் கண்டார்; அது உண்மையே என்பதையும், அது எலெக்ட்ரானோடு இரட்டையாகத் தோன்றுகிறது என்பதையும் 1933இல் இவர்கள் நிலைநாட்டினர். இப்பணிகளுக்காக 1948ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு பிளாக்கெட்டுக்கு வழங்கப்பெற்றது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் ஆற்றிய தொண்டினையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். படைத்தலைவர்கள் அனுபவத்தாலும் ஊகத்தாலும் தீர்மானித்து வந்தவற்றை, கணக்கெடுத்து, புள்ளி விவரங்களைக் கொண்டு தீர்மானிக்கும் முறையை அவரும் அவருடைய தோழர்களும் வளர்த்தனர். விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள்மீது வீசப்படும் குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. விமானத்தைக் கண்டதும் மூழ்கத் தொடங்கும் கப்பல் அவ்வளவு ஆழம் செல்வதற்குள்ளாகவே தாக்குதல் முடிந்துவிடுகிறது என்று அவர் குழுவைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்பார் கணக்கிட்டுக் காட்டினார். வெடிக்கும் ஆழம் 25 அடி அளவாகக் குறைக்கப்பட்டது. மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களின் தொகை ஏறிற்று. புதிய ஆயுதம் ஒன்றும் வாங்கவில்லை; ஓர் எண்ணை மாற்றினர், அவ்வளவே. பொதுமக்கள் வாழும் நகரங்களின்மீது குண்டு மாரி பொழிவதை அவர் ஏற்கவில்லை. யுத்தத்தின்பின் அணுகுண்டு பற்றி 1948இல் ஒரு நூல் எழுதித் தம் நாட்டு அரசின் கொள்கையோடு மாறுபட்டார். அதனால் பல ஆண்டுகள் அரசாங்கத்தார் அவரை ஒதுக்கியே வைத்திருந்தனர்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம்.

பூமி ஒரு பெரிய காந்தம் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஏன் அது காந்தமாக இருக்கிறது என்பதுதான் 1947 அளவில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாதிருந்தது. அவ்வாண்டு பிளாக்கெட் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். சுழல்கின்ற பெரும்பொருள் எதுவாயினும், சுழற்சி ஒன்றினாலேயே காந்தம் பெறும். இஃது இயற்கையின் ஒரு புதிய விதி என்பதே அக்கருத்து. பூமி, சூரியன், அவ்வமயம் புதிதாக அளக்கப்பட்ட ஒரு விண்மீன் ஆகிய மூன்றின் சுழற்சியளவும் காந்த அளவும் ஒரே விகிதத்தில் அமைந்திருந்தமை அவருக்கு அந்நம்பிக்கையைத் தந்தது. விஞ்ஞான உலகம் பரபரப்படைந்தது. உண்மையாயின் நியூட்டனின் விதியோடு வைத்து எண்ணத்தக்க கண்டுபிடிப்பு அது.

பிளாக்கெட் தம் கருத்தைப் பரப்புவதில் காலம் போக்கவில்லை. அதனைச் சோதிப்பதற்கு முனைந்தார். சோதனை இரண்டு வகையாக நடந்தது. அவருடைய கருத்து சரியானால், பூமியின் காந்தம் அதன் உடல் முழுவதிலிருந்தும் பிறப்பதாக வேண்டும். அப்படியானால் ஆழ்ந்த சுரங்கத்துக்குள் இறங்க இறங்கக் கிடைமட்டக் காந்தவிசை குறைய வேண்டும். பூமியின் மையக் கருவிலிருந்து பிறப்பதானால் கூட வேண்டும். அவருடைய மாணவர் ரன்கார்னும் பிறரும் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கி அளந்தனர். ஆசிரியரின் கருத்துக்கு மாறாகவே விடை வந்தது.

மற்றொரு சோதனையைப் பிளாக்கெட் தம் கையாலேயே செய்தார். பூமியோடு சேர்ந்து சுழல்வதால், தரையில் அசையாமல் வைத்திருக்கும் ஒரு கனத்த பொருளும் அவர் விதிப்படி மிக மிகச் சிறிய காந்தம் பெற வேண்டும். அடர்த்தி மிக்கதும் காந்தக் கலப்பற்றதுமான பொருள் எது? பொன். இங்கிலாந்து வங்கியிலிருந்து 15 கிலோ எடைக்கும் சற்று மேற்பட்ட தூய பொன்னை இரவலாகப் பெற்று, 10 சென்டிமீட்டர் உயரமும் அதே அளவு குறுக்களவும் உடைய ஓர் உருளையாக அமைத்துக்கொண்டார். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால் ஆயிரத்தெண்ணூறு சவரனுக்கும் மேலான பொன். அதனை ஒரு மரக்கொட்டகையில் வைத்துக் காந்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்! மான்செஸ்டர் பல்கலைக் கழகத்துக்குரிய ஜோட்ரல் பேங்க் என்னும் நாட்டுப்புற வெளியில் அக்கொட்டகை நின்றது. இரும்புப் பொருள் எதுவும் அருகில் வரலாகாது என்பதற்காகவே அவ்வளவு தொலைவு.

இவ்விடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. பம்பாய்க் கொலாபாவில் பல்லாண்டுகளாகப் பூமியின் காந்தத்தை அளந்துவந்த ஆய்வகம், நகரில் மின்சார டிராம் வரப்போவதை அறிந்து, 1904இல் அலிபாக்கில் புதிய இடம் அமைத்துக்கொண்டது. டிராமின் மின்னோட்டமே காந்த ஊசியைக் கலைத்துவிடும். பிளாக்கெட் அளக்க விரும்பியதோ, பூமியின் காந்தத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவு.

அதற்காக அவர் அமைத்த கருவி மிக நுட்பமானது. சம வலிமையுள்ள காந்தங்களை ஒன்று வடக்கு நோக்க மற்றது தெற்கு நோக்கும்படி ஒரே தண்டில் மேலும் கீழுமாகப் பொருத்தி, மெல்லிய இழையில் தொங்கவிட்டார். பூமியின் இழுப்பு மேலுள்ளதற்கும் கீழுள்ளதற்கும் எதிரெதிராகி நீங்கிவிடும். கீழ்க்காந்தத்தின் அருகில் வைக்கப்படும் பொருளின் காந்தம் மட்டும் தண்டினைச் சற்றே திருப்பும். அத்திருப்பத்தை ஒளிக்கதிர் கொண்டு அளக்கலாம். கருவி மிக நன்றாக வேலை செய்தது. பொன் உருளையில்தான் அவர் தேடிய காந்தம் இல்லை.

ஐந்தாண்டுக் காலம் உழைத்து, தம் கருத்து தவறு என்பதைத் தாமே ஐயமறக் காட்டிவிட்டார். 1952இல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில், எதிர்மறை முடிவு என்று தலைப்பிலேயே தெரியும்படி, அவ்வளவு விவரங்களையும் அச்சிட்டார். நோபல் பரிசு பெற்றுச் சில ஆண்டுகளே ஆன ஒருவர், உலகறியச் சொன்ன ஒன்றை உலகறியவே மறுத்துக்கொண்டார். சூரியனுக்கெனக் கொண்டிருந்த காந்த அளவு மிகையானது என்பதும் பின்னர்த் தெரியவந்தது. மேகக்கூட்டின் எட்டுப் படங்களைவிட இந்த ஒரு வெளியீட்டையே நான் மிகுதியும் மதிக்கிறேன்.

பொன் வங்கிக்குரியது, கருவி அவருடையது. உலகிலேயே மிகச் சிறிய காந்தத்தையும் காட்டவல்ல ஒரு கருவி கையில் இருக்கிறது. அதற்கு வேலை வேண்டும். பாறைகளை அதன்கீழ் வைத்தார்.

பாறைக்குள் காந்தம் எவ்வாறு வந்தது? எரிமலைக் குழம்பில் மாக்னடைட் முதலிய இரும்புக் கனிமங்களின் நுண்மணிகள் கலந்துள்ளன. குழம்பு செந்தழலாக இருக்கும்வரை அவற்றுக்கு நிலையான காந்தம் இல்லை. ஆறி இறுகி, வெப்பம் ஏறத்தாழ 580 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கும்போது, அந்நேரத்தில் அவ்விடத்தில் பூமியின் காந்தம் எத்திசையில் நிற்கிறதோ அத்திசையை அவை ஏற்று அப்படியே வைத்துக்கொள்கின்றன. செம்மணற்கல்லிலும் இரும்புத் துரு போன்ற கனிமத்தில் இத்தகைய பதிவு உண்டு. பின்னர்ப் பூமியின் காந்தம் மாறினாலும் சரி, நிலப்பகுதியே பெயர்ந்து சென்றாலும் சரி, கல்லுக்குள் பழைய திசை அழியாது நிற்கிறது; மீண்டும் கடுமையாகச் சூடேற்றினாலன்றி மாறுவதில்லை. தஸ்தாவேஜில் இட்ட தேதி முத்திரை போன்றது என்று கொள்ளலாம்.

திசை மட்டுமன்று, இடமும் அதில் பதிவாகிறது. காந்த ஊசியை மேலும் கீழும் சாய இடங்கொடுத்துத் தொங்கவிட்டால், பூமியின் நடுக்கோட்டருகே அது தரைக்கு இணையாகக் கிடக்கும்; துருவத்தருகே செங்குத்தாக நிற்கும்; இடைப்பட்ட இடங்களில் இடைப்பட்ட சாய்வு கொள்ளும். வட கோளத்தில் ஊசியின் வடமுனை கீழ்நோக்கிச் சாயும். தென் கோளத்தில் மேல்நோக்கும். காந்த நடுக்கோடு நம் இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதனாலேயே, 1963இல் ராக்கெட் விடுவதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்தனர். நெடுங்காலச் சராசரியில், சாய்வுக் கோணத்தின் டேஞ்சண்ட், அவ்விடத்து அட்சக் கோணத்தின் டேஞ்சண்டைப்போல் இரு மடங்காக இருக்கும். ஆகவே, பாறையின் சாய்வை அளந்தால், அது பிறந்தபோது எந்த அட்சரேகையில் இருந்தது என்று கணக்கிடலாம். தீர்க்கரேகையை மட்டும் இம்முறை சொல்லாது. பூமியின் காந்தம் ஆண்டுதோறும் சிறிது அலைவதால் ஒரு கல்லைப் பார்த்து முடிவு கட்டலாகாது. பல இடத்துப் பல அடுக்குகளை அளந்து சராசரி காண வேண்டும். பெயர்த்தெடுக்கும் முன்பே, கல் கிடந்த நிலையையும் வடதிசையையும் அதன்மேல் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

பிளாக்கெட்டின் குழுவில் இவ்வேலையை முன்னின்று நடத்தியவர் ஜான் கிளெக். 1953இல் பிளாக்கெட் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு மாறியபோது குழுவும் உடன் சென்றது. முதலில் இங்கிலாந்துச் செம்மணற்கற்களை ஆராய்ந்தனர். இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கற்களின் காந்தத் திசை, இன்றைய வடக்கினின்றும் 34 பாகை அளவு வலப்புறமாக விலகியிருந்தது. சாய்வும் மிகக் குறைவு. இங்கிலாந்து நடுக்கோட்டை நெருங்கிய ஓரிடத்திலிருந்து வடக்கே வந்து திரும்பியும் இருக்கிறது என்று 1954இல் அறிவித்தனர்.

கண்டங்கள் நகர்கின்றன என்பது அன்று பெரும்பாலான நிலவியலார்க்கு நகைப்புக்குரிய பேச்சு. ஜெர்மானியராகிய ஆல்ஃபிரட் வேகனர் 1912இலேயே அதனை எடுத்துரைத்தார். ஒரே வகைத் தொல்லுயிர்ச் சுவடுகளும், ஒரே காலத்துப் பனிக்கட்டித் தழும்புகளும், ஒரே வகை நிலக்கரிப் படிவங்களும் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியவற்றில் கிடைப்பதைச் சான்று காட்டினார். நம் மத்திய இந்தியாவின் கோண்டுவானா நாட்டுப் பெயரே அந்த ஆதிப் பெருங்கண்டத்துக்கு வழங்குகிறது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலமெல்லாம் நம் ரயில்வே எரித்த ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரியும் அக்கண்டத்தின் காடுகளே. ஆயினும், எந்த விசை கண்டத்தை நகர்த்தும் என்று கேட்டபோது வேகனரால் தக்க விடை சொல்ல இயலவில்லை. 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் உயிர்நீத்தபின் அவர் கொள்கையும் பெரும்பாலோரால் கைவிடப்பட்டுக் கிடந்தது.

இங்கிலாந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேகனரை மீட்க முடியாது. கண்டங்கள் நிலையாக நிற்க, துருவமே அலைந்தது என்று சொல்லிவிடலாமன்றோ? ரன்கார்ன் முதலில் அவ்வாறே எண்ணினார். அதனைத் தீர்க்க வழி ஒன்றுதான். துருவம் மட்டும் அலைந்திருந்தால், ஒரே காலத்துப் பாறைகள் எல்லாக் கண்டங்களிலும் ஒரே துருவத்தைச் சுட்ட வேண்டும். ஒவ்வொன்று ஒவ்வோரிடத்தைச் சுட்டுமானால் கண்டங்களே ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றன. ஆதலின் மிக நெடுந்தொலைவு நகர்ந்ததாகக் கருதப்படும் ஒரு நிலத்தை அளந்தாக வேண்டும். வேகனரின் படத்தில் மிக நீண்ட பயணம் செய்த நிலம் இந்தியா.

அதற்கு ஏற்ற கல் நம் காலடியிலேயே இருந்தது. தக்காணத்து எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் படிப்படியாக அடுக்கி நிற்கின்றன. ட்ராப் என்று அவற்றுக்கு வழங்கும் பெயரும் படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் சொல்லிலிருந்து வந்ததே. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் சென்னை செல்லும் நம் குடும்பத்தார் யாவரும் அதனைக் கண்டிருக்கிறார்கள். கர்ஜத் தாண்டி எஞ்சின்கள் பின்னிருந்து தள்ள, வண்டி குகை குகையாகப் புகுந்து கண்டாலா மலைமீது ஏறும்போது, சன்னலுக்கு மிக அருகில் செங்குத்தாக நிற்கும் கருஞ்சுவர் அதுவே. குகை வந்ததும் கூச்சலிடும் குழந்தைகளுக்கு அச்சுவரையும் காட்டலாம். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பாக ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்தது.

கேம்பிரிட்ஜில் டெட் இர்விங் என்னும் ஆராய்ச்சி மாணவர் இப்பாறைகளை ஏற்கெனவே அளந்து, இந்தியா வடக்கு நோக்கி வந்தது என்ற முடிவை எய்தியிருந்தார். அவருடைய ஆராய்ச்சி உரைக்கு அப்பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளிக்க மறுத்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டம் தராத அந்த ஆராய்ச்சிதான் பின்னர் நிலைத்தது. பிளாக்கெட் குழுவினரான கிளெக், டாய்ட்ச், கிரிஃபித்ஸ் ஆகிய மூவரும் தக்காணப் பாறைகளை விரிவாக அளந்து 1956இல் முடிவினை வெளியிட்டனர். பின்னர்ப் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டவராகிய ராதாகிருஷ்ணமூர்த்தி, ஸஹஸ்ரபுத்தே ஆகியோர் டாய்ட்சுடன் சேர்ந்து 1959இல் மேலும் பல அளவுகளைத் தந்தனர்.

பாறைகள் கூறியது இது. அவை உறைந்த காலத்துக் காந்தச் சாய்வு, இன்று அவ்விடங்களில் இருக்கும் சாய்வைவிட மிகுதி. 45 முதல் 50 பாகை வரையில் நிற்பது. அதுவும் தென் கோளத்துக்குரிய சாய்வு. சில அடுக்குகளில் ஊசியின் வடமுனை வடக்கு நோக்கி மேலெழுகிறது. பெரும்பாலான அடுக்குகளில் அதற்கு நேர் தலைகீழாகத் தெற்கு நோக்கிக் கீழிறங்குகிறது. பூமியின் காந்தம் இடையிடையே வடக்கு தெற்காக மாறிவிடும் இயல்புடையதாகையால் இவ்விரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. கணக்குப் போட்டால், தக்காணம் அன்று நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகை அட்சத்தில், இன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர் இருக்கும் அளவுக்குத் தெற்கே, இருந்திருக்கிறது. இன்று பம்பாய் இருப்பது வடக்கே 19 பாகையில். இடைப்பட்டது ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வரும் வழியில் இடப்புறமாகச் சில பத்துப் பாகை திரும்பியும் இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 8 சென்டிமீட்டர் வேகம். வழியில் ஆசியாவை முட்டியதால் எழுந்ததே இமயமலை.

இவ்விடத்தில் நம்மவர் பலர் மனத்தில் எழும் ஒரு கேள்வியைத் தவிர்த்துச் செல்ல விரும்பவில்லை. குமரிக் கண்டம், லெமூரியா என்று நம் மேடைகளில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் வைத்த பெயர். லெமூர் என்னும் குரங்கினப் பிராணி மடகாஸ்கரிலும் அதன் இனத்தொடர்புடையவை இந்தியாவிலும் காணப்படுவதற்கு விளக்கமாக, இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியது என்று அவர் கருதினார். நிலம் மூழ்கவில்லை, பிரிந்து விலகியது என்று பாறைகள் காட்டியபின் அக்கருத்துக்கு வேலையில்லாது போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து, ஒன்பது கோடி ஆண்டுகள் அளவுக்கு முன் பிரிந்தவை. மனித இனமே அப்போது தோன்றவில்லை. கடல்கோள் பற்றிய நம் முன்னோர் உரைகளை இலக்கியமாகவும், கரையோர ஊர்கள் கடலுக்கு இரையான நினைவாகவும் போற்றுவோம். அவற்றுக்குச் சான்றாக லெமூரியாவை இழுப்பது, நம் மொழியின் தொன்மைக்குத் தேவையில்லாத முட்டு. இதில் என்னோடு மாறுபடும் அன்பர்கள் நம் சங்கத்தில் உண்டு என்பதை அறிவேன்.

பிளாக்கெட் இம்முடிவுகளைத் தொகுத்துப் பாறைக் காந்தம் பற்றி 1954இல் ஆற்றிய சொற்பொழிவுகள் 1956இல் நூலாயின. நிலவியலார் உடனே இணங்கிவிடவில்லை. கல்லுக்குள் இருக்கும் காந்தம் அத்தனை கோடி ஆண்டுகள் கெடாமல் இருக்குமா என்று ஐயுற்றனர், நியாயமான ஐயமே. பிளாக்கெட் வாதாடுவதைவிட அளவுகளைப் பெருக்குவதையே விரும்பினார். 1964இல் புல்லார்டு, ரன்கார்ன் ஆகியோருடன் சேர்ந்து லண்டன் ராயல் சொஸைட்டியில் கண்டப் பெயர்ச்சி பற்றிய பெரும் மாநாட்டை நடத்தினார். இதற்கிடையில் 1963இல் வைன், மாத்யூஸ் என்ற இருவர், கடலடித் தரையே பிளந்து விரிகிறது என்பதற்கு அங்குள்ள காந்தப் பட்டைகளைச் சான்றாக்கினர். 1960களின் இறுதிக்குள் எதிர்ப்பு ஓய்ந்தது. வேகனர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆவதற்குள் அவர் கொள்கை பாடப்புத்தகத்தில் ஏறிற்று.

இந்தியாவுக்கும் பிளாக்கெட்டுக்கும் பாறை ஒன்றுதான் தொடர்பு என்று எண்ணிவிடலாகாது. 1947 ஜனவரியில் டில்லியில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்கு வந்த அவர் ஜவஹர்லால் நேருவைச் சந்தித்தார். நேருவின் வேண்டுகோளின்படி, சுதந்திர இந்தியாவின் பாதுகாப்புக்கு விஞ்ஞானத்தை எவ்வாறு பயன்கொள்வது என்பது பற்றி 1948இல் அறிக்கை அளித்தார். வல்லரசுகளைப் பார்த்து விலையுயர்ந்த ஆயுதங்களுக்கு ஆசைப்பட வேண்டா, அணு ஆயுதத்தை நாட வேண்டா, தானே செய்துகொள்ளக் கூடியவற்றை முதலில் செய்யட்டும் என்பதே அதன் சாரம். ஹோமி பாபாவுக்கும் அவர் நெருங்கிய நண்பர். பின்னும் பலமுறை இந்தியா வந்து நம் ஆய்வுக்கூடங்களுக்கு யோசனை கூறினார். சொந்த நாட்டு அரசு ஒதுக்கிவைத்திருந்த ஆண்டுகளில் புதுடில்லி அவருடைய யோசனையை நாடியது.

பிற்காலத்தில் தாய்நாட்டுப் பெருமைகளும் வந்து சேர்ந்தன. 1965 முதல் 1970 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராக இருந்தார். 1967இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும், 1969இல் பிரபு பட்டமும் பெற்றார். 1924இல் மணந்த காஸ்டன்ஸா அம்மையார் இறுதிவரை உடனிருந்தார். 1974 ஜூலை 13ஆம் நாள் லண்டனில் பிளாக்கெட் காலமானார். சந்திரனின் மறுபக்கத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரும்பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.